மரக் கிண்ணம் கடையப் போகிறீர்களா? லேத் வாங்கும் முன் படியுங்கள்

மரக் கிண்ணம் கடைய ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது லேத் என்ன விலை என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. மரம் எங்கே கிடைக்கும், அதற்கு ரசீது உண்டா, அது காய எத்தனை மாதம் ஆகும், உளியைச் சாணை பிடிக்க என்ன ஏற்பாடு? இவற்றுக்கு விடை இல்லாமல் இயந்திரத்தை வாங்கியவர்கள் பலர் அதைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். இந்த விவரங்களை ஒரே இடத்தில் தமிழில் தேடி நான் பட்ட அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில், வீட்டிலோ சிறு கொட்டகையிலோ, எட்டு அங்குல அகலம் வரையுள்ள அலங்காரக் கிண்ணம் கடையப் போகிற புதியவருக்கானது இது. விலைகள் நான் விசாரித்த அளவில் ஏறக்குறைய மட்டுமே. ஊருக்கு ஊர் மாறும்.

1. முதலில் ஒரு கடைசல் பட்டறைக்குப் போங்கள்

கட்டில் கால், மாடிப்படிக் கைப்பிடித் தூண் கடையும் பட்டறை பெரும்பாலான ஊர்களில் ஒன்றாவது இருக்கும். அங்கே அரை நாள் நின்று பாருங்கள். உளியை எப்படிப் பிடிக்கிறார், உடலை எங்கே வைத்து நிற்கிறார், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை சாணைக்குப் போகிறார் என்று கவனியுங்கள். அம்பாசமுத்திரத்தில் செப்புச் சாமான் கடைபவர்களையோ, பெங்களூரு–மைசூரு சாலையில் உள்ள சென்னபட்டணத்தில் பொம்மை கடைபவர்களையோ பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டில் காலிலும் செப்புச் சாமானிலும் மரத்தின் ரேகை லேத்தின் அச்சோடு ஒரே திசையில் ஓடும். நாம் கடையும் கிண்ணத்தில் ரேகை அச்சுக்குக் குறுக்கே ஓடும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் உளி இரண்டு முறை ரேகையோடு போகும், இரண்டு முறை ரேகைக்கு எதிரே மோதும். பட்டறைக்காரர் பயன்படுத்தும் சில உளிகள் நமக்கு ஆகாமல் போவதற்கு இதுவே காரணம்.

2. மரத்தைத் தேர்ந்தெடுங்கள்

அலங்காரக் கிண்ணத்துக்குத் தேக்கு வாங்கத் தேவையில்லை. விலை அதிகம் என்பதோடு, அதில் கலந்திருக்கும் சிலிக்கா உளியின் கூர்மையை விரைவில் தின்றுவிடும். விறகுக் கடையிலும் மர அறுவை ஆலையின் ஓரத்திலும் கிடக்கும் கட்டைகளில் நமக்கு வேண்டியது இருக்கிறது. விறகாக வாங்கினால் கிலோவுக்குச் சில ரூபாய்தான்.

புதியவருக்கு நான் சொல்லும் முதல் மரம் தூங்குமூஞ்சி. சாலையோரம் குடை போல விரிந்து நிற்குமே, அதுதான். நடுவிலுள்ள வைரப் பகுதி சாக்லேட் நிறம், வெளிப்பகுதி வெளிர் மஞ்சள். இரண்டும் ஒரே கிண்ணத்தில் வந்தால் சாயமே வேண்டாம். காயும்போது மிகக் குறைவாகவே சுருங்கும். ஹவாயிலும் பிலிப்பைன்ஸிலும் கிண்ணம் செய்ய இதே மரத்தைத்தான் தேடுகிறார்கள்.

பூவரசு அடுத்தது. ரேகை அழகு, கடைய இதம். பெரிய கட்டையாகக் கிடைப்பது அரிது. பலா புதிதாக மஞ்சளாக இருந்து வருடங்கள் போகப்போகச் செம்பழுப்பாகும். மா எளிதில் வெட்டுப்படும், விலையும் குறைவு. ஆனால் வெளிப்புற வெள்ளைப் பகுதியை உளு என்னும் மரப்பூச்சி தின்னும். வாகை அழகாக மெருகேறும், அதன் தூள் தும்மலைக் கிளப்பும். வேம்பு பின்னல் ரேகை கொண்டது; கூரான உளி இல்லாவிட்டால் பிய்த்துக்கொண்டு வரும். புளி கனமானது, கடினமானது, முதல் ஆண்டில் வேண்டாம்.

சீமைக் கருவேலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் வெறுக்கும் இந்த மரம் கடைசலுக்கு அருமையானது. அடர்த்தியான செம்பழுப்பு வைரம், காயும்போது சுருக்கம் மிகக் குறைவு. ராமநாதபுரம், விருதுநகர், சிவகங்கைப் பக்கம் கரி சுடப் போகிறவற்றில் பருத்த அடிக்கட்டைகளைத் தேடி எடுங்கள். வெடிப்பும் பூச்சித் துளையும் நிறைய இருக்கும். அவற்றை நன்றாகத் தட்டிப் பார்த்த பிறகே லேத்தில் ஏற்ற வேண்டும்.

தொடக்கூடாதவை: தில்லை, அரளி, எட்டி, கள்ளி வகைகள், சேங்கொட்டை. தில்லைப் பால் கண்ணைப் பாதிக்கும். சேங்கொட்டை தோலைக் கொப்புளமாக்கும். முந்திரிக் கட்டையின் பட்டையில் உள்ள பாலும் எரிச்சல் தரும். என்ன மரம் என்று உறுதியாகத் தெரியாத கட்டையைக் கடையாதீர்கள்.

3. மரத்துக்கான தாள்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். மரத்தை வாங்குவது வேறு, அதை வண்டியில் ஏற்றிச் செல்வது வேறு.

மரக்கடையில் எவ்வளவு சிறிய துண்டு வாங்கினாலும் ரசீது கேளுங்கள். மரத்தின் பெயர், அளவு, தேதி மூன்றும் அதில் இருக்க வேண்டும். "இதற்கெல்லாம் ரசீதா" என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. புன்னகையோடு நின்று வாங்கிக்கொள்ளுங்கள். விறகுக் கடையானால் கைப்பட எழுதிய சீட்டாவது வேண்டும்.

தெரிந்தவர் தோட்டத்தில் விழுந்த மரம் என்றால், நில உரிமையாளரிடமிருந்து, சர்வே எண் குறிப்பிட்டு, இன்ன மரம் இத்தனை துண்டு கொடுத்தேன் என்று ஒரு கடிதமும் பட்டா நகலும் வாங்கி வையுங்கள். தமிழ்நாடு மரப் போக்குவரத்து விதிகள் 1968இன் கீழ்ச் சில மரங்களைக் கொண்டுசெல்ல வனத்துறையின் அனுமதிச் சீட்டு தேவை, பலவற்றுக்கு விலக்கு உண்டு. விலக்குப் பட்டியல் மாறக்கூடியது. ஆகவே மரத்தை ஏற்றும் முன் அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். தொலைபேசியில் கிடைக்கும் பதிலை நம்பி லாரியில் ஏற்ற வேண்டாம்.

நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலைப்பகுதி என்றால் கூடுதல் எச்சரிக்கை. 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் அங்கே உண்டு. சொந்த நிலத்து மரத்தை வெட்டவே முன் அனுமதி வேண்டும். அங்கே தாராளமாகக் கிடைக்கும் சில்வர் ஓக் கட்டையாக இருந்தாலும் விற்பவரிடம் அனுமதியின் நகலைக் கேளுங்கள்.

புயலுக்குச் சாலையோரம் விழுந்து கிடக்கும் மரத்தைப் பார்த்தால் கை பரபரக்கும். அது நெடுஞ்சாலைத் துறைக்கோ ஊராட்சிக்கோ மாநகராட்சிக்கோ சொந்தம். ஏலத்தில் எடுத்தவரிடம் வாங்குங்கள், அல்லது எழுத்துப்பூர்வமான அனுமதி பெறுங்கள். ஒரு கிளைத் துண்டைக்கூடச் சும்மா எடுத்துப் போகாதீர்கள்.

சந்தனம், செம்மரம், ஈட்டி மூன்றும் புதியவர் வேலை அல்ல. ஈட்டிக்குத் தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருந்தது. இப்போதைய நிலையை வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். அதோடு, 2017 ஜனவரியிலிருந்து ஈட்டியின் பேரினம் முழுவதும் சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், வெளிநாட்டுக்குப் பொருளாக அனுப்பினாலும் கேள்வி வரும். பழைய வீட்டுத் தூணிலிருந்து எடுத்த ஈட்டி என்று யாராவது துண்டு கொடுத்தால், அந்த வீட்டை இடித்ததற்கான ஆதாரம் இல்லாமல் வாங்காதீர்கள்.

4. லேத்: எதைப் பார்க்க வேண்டும்

கடைக்காரர் நீளத்தைச் சொல்லித்தான் விற்பார்: மூன்றடி, நான்கடி என்று. கிண்ணத்துக்கு நீளம் முக்கியமில்லை. நீங்கள் கேட்க வேண்டியவை இவை.

அச்சுக்கும் கீழே உள்ள படுகைக்கும் இடையே எத்தனை அங்குலம்? ஆறு அங்குலம் இருந்தால் பன்னிரண்டு அங்குல அகலக் கட்டை சுழலும். ஆரம்பத்துக்கு அது தாராளம்.

வேகத்தை எவ்வளவு குறைக்க முடியும்? இதைத்தான் அழுத்திக் கேளுங்கள். சமமில்லாத கட்டையை முதலில் நிமிடத்துக்கு 500 சுற்றுக்குள் சுழற்ற வேண்டும். சில மலிவு லேத்துகளின் குறைந்த வேகமே 750, 800 என்று இருக்கும். அவை பேனா, பம்பரம் கடைய மட்டுமே. பெல்ட் மாற்றும் வகையைவிட, ஓடும்போதே வேகம் மாற்றும் வகைக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது தகும்.

மோட்டார் ஒரு எச்.பி. இருக்கட்டும். அரை எச்.பி. மோட்டார் எட்டு அங்குலக் கிண்ணத்தில் திணறும்.

மரத்தைப் பிடிக்கும் சக் என்ற பிடிப்பான் ஏறும் சுழல்தண்டுதான் ஸ்பிண்டில். அதன் மரை என்ன அளவு? ஒரு அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு எட்டு மரை என்பது ஒன்று, 33 மி.மீ. விட்டமுள்ள எம்33 என்பது மற்றொன்று. உள்ளூர்ப் பட்டறைகளில் செய்து விற்கும் லேத்துகளில் எந்த அளவிலும் சேராத மரை இருப்பதுண்டு. அப்படி இருந்தால் சந்தையில் கிடைக்கும் சக் எதுவும் அதில் ஏறாது. அளவை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ஸ்பிண்டிலின் உள்குழிவு மோர்ஸ் டேப்பர் 2 என்ற கூம்பு அளவில் இருந்தால் உதிரிகள் எளிதில் கிடைக்கும்.

எடையும் முக்கியம். லேசான லேத் அதிரும், அதிர்வு உளிக்கு வரும். கனமான மேசையில் போல்ட் போட்டு இறுக்கி, அடியில் மணல் மூட்டை வைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

இந்த வகை லேத் புதிதாக ரூ.35,000 முதல் ரூ.80,000 வரை ஆகும். பழையது வாங்கினால் ஸ்பிண்டிலைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் போயிருக்கிறது. துளைக் கருவியில் மாட்டிக் கடையலாம் என்று ஆயிரம் இரண்டாயிரத்துக்கு விற்கும் இணைப்புகளைக் கிண்ணத்துக்கு நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

5. சக், உளி, சாணை

லேத்துக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியளவு தொகையை இவற்றுக்காகத் தனியே எடுத்து வையுங்கள். ஆரம்பிக்கும் எல்லோரும் இங்கேதான் சிக்கனம் பிடிக்கிறார்கள். சிக்கனம் பிடிக்கக் கூடாத இடமும் இதுதான்.

மரம் கடைவதற்கென்றே உள்ள நான்கு தாடைச் சக் வேண்டும். நான்கு தாடைகளும் ஒன்றாக நகர வேண்டும். ரூ.8,000 முதல் ரூ.20,000 வரை. இரும்பு கடையும் சக் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். துருத்தி நிற்கும் தாடைகள் விரலைப் பதம் பார்க்கும், மரத்தையும் சரியாகப் பிடிக்காது. லேத்தோடு பேஸ் பிளேட் என்ற வட்டத் தகடு ஒன்று வரும். அதில் மரத்தைப் பொருத்தத் தடித்த மரத் திருகாணிதான் ஆகும். ஜிப்சம் பலகைக்கு அடிக்கும் கறுப்புத் திருகாணி பார்க்க உறுதியாகத் தெரியும், ஆனால் பக்கவாட்டு இழுப்பில் படக்கென்று ஒடியும்.

உளிகளில் இரண்டு போதும். அரை அங்குலக் கிண்ணக் குழியுளி ஒன்று, வட்ட முனையுள்ள சுரண்டுளி ஒன்று. இரண்டும் எச்.எஸ்.எஸ். எனப்படும் அதிவேக எஃகில் இருக்கட்டும். நல்ல குழியுளி ரூ.2,500 முதல் ரூ.6,000 வரை போகும். பத்து உளி கொண்ட பெட்டி மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். அதில் கிண்ணத்துக்கு உதவுவது ஒன்றோ இரண்டோதான்.

அந்தப் பெட்டியில் அகன்ற, அரைவட்டமான ஓர் உளி இருக்கும். சதுரக் கட்டையை உருளையாக்கும் உளி அது. அதைக் கிண்ணத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள். கைப்பிடிக்குள் போகும் அதன் வால் மெலிந்தது. குறுக்கு ரேகையில் மாட்டினால் அங்கே ஒடிந்து, உளி முகத்தை நோக்கி வரும். அதேபோல் பழைய அரத்தைத் தீட்டி உளியாக்கும் பழக்கமும் ஆபத்து. அரம் கடினமானது, நொறுங்கும் தன்மையது. சுழலும் மரத்தில் மாட்டினால் துண்டாகத் தெறிக்கும்.

சாணைக்கு எட்டு அங்குலப் பெஞ்ச் கிரைண்டர், ரூ.5,000 முதல் ரூ.10,000 வரை. கூடவே வரும் சாம்பல் நிறக் கல்லைக் கழற்றிவிட்டு வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல் போடுங்கள். உளியை ஒரே கோணத்தில் பிடித்துத் தீட்ட ஒரு தாங்கி வேண்டும். தகடும் மரமும் கொண்டு நீங்களே செய்யலாம், விலைக்கும் கிடைக்கும். குழியுளிக்கு 50 பாகைக்கு அருகில் ஒரு கோணத்தை வைத்துக்கொண்டு, அதை மாற்றாமல் தொடருங்கள். சாதாரணக் கார்பன் எஃகு உளி சாணையில் நீலம் பாய்ந்தால் பதம் இறங்கிவிடும். எச்.எஸ்.எஸ். தாங்கும், ஆனால் சூடான எச்.எஸ்.எஸ். உளியைத் தண்ணீரில் முக்காதீர்கள். கூரில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். நம் மரங்களில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை சாணைக்குப் போக வேண்டியிருக்கும். ஆகவே கிரைண்டர் லேத்திலிருந்து இரண்டு எட்டில் இருக்கட்டும். தள்ளி வைத்தால் சோம்பல் வரும், மழுங்கிய உளியை அழுத்த ஆரம்பிப்பீர்கள், விபத்துகள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன.

6. இடம், மின்சாரம், உடல்

பத்துக்குப் பத்து அடி இடம் போதும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்துவிட்டு, மின்கசிவு தடுப்பான் ஒன்றைப் பொருத்துங்கள். ஒரு எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு யூனிட்டுக்குள் எடுக்கும். பொழுதுபோக்காகக் கடையும்வரை வீட்டு இணைப்பு பிரச்சினை இல்லை. தொடர்ந்து விற்கத் தொடங்கினால் மின்வாரியத்தில் குடிசைத் தொழில், குறுந்தொழிலுக்கு உள்ள கட்டண வகைக்கு மாற்றுவது பற்றிக் கேளுங்கள். வீட்டு இணைப்பில் தொழில் நடத்துவதாகத் தெரிந்தால் அபராதம் வரும்.

முகம் முழுவதையும் மறைக்கும் கவசம் கட்டாயம். ரூ.300 முதல் கிடைக்கிறது. வெறும் கண்ணாடி போதாது. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. எனவே உப்புத்தாள் தேய்க்கும்போதெல்லாம் என்95 முகக்கவசம் போடுங்கள். கையுறை கூடாது. வேட்டி, லுங்கி, தோளில் துண்டு, துப்பட்டா, முந்தானை, கைச்சங்கிலி, வளையல், அவிழ்த்த கூந்தல் எதுவும் லேத்தின் அருகே கூடாது. சுழலும் பொருள் ஒரு நூலைப் பிடித்தால் ஆளையே இழுக்கும்.

7. கட்டையைத் தயார் செய்தல்

பச்சைக் கட்டை வந்த அன்றே இரு முனைகளிலும் உருக்கிய மெழுகையோ கெட்டியான மரப்பசையையோ தடவுங்கள். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். கத்திரி வெயிலில் ஒரே நாள் போதும், கட்டை நட்சத்திரமாகப் பிளந்துவிடும்.

கிண்ணத்தின் அகலத்தைவிட இரண்டு அங்குலம் கூடுதலாக நீளம் விட்டுக் கட்டையை அறுத்து, பிறகு அதை நடுமையத்தின் வழியே நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கச் சொல்லுங்கள். மர அறுவை ஆலையில் இதைச் செய்து தருவார்கள். நடுமையம் எந்தப் பாதியிலும் இருக்கக் கூடாது. இரு பக்கமும் அரை அங்குலம் சீவிவிடுங்கள். நடுமையத்தோடு கடைந்த கிண்ணம் வெடிக்காமல் தப்புவது அரிது. மீதமுள்ள பாதியில் கவராயத்தால் வட்டம் வரைந்து, மூலைகளை அறுத்து எறியுங்கள். எவ்வளவு வட்டமாக இருக்கிறதோ அவ்வளவு அமைதியாகச் சுழலும்.

8. முதல் கடைசல்

பிளந்த தட்டையான முகத்தில் பேஸ் பிளேட்டைத் திருகுங்கள். அந்த முகம் பின்னால் கிண்ணத்தின் வாயாகும், திருகாணித் துளைகள் குடையும்போது போய்விடும். லேத்தின் மறுமுனையிலிருந்து மரத்தை அழுத்திப் பிடிக்கும் டெயில் ஸ்டாக்கை நெருக்கி இறுக்குங்கள்; முடிந்தவரை அதை விலக்காதீர்கள். உளித்தாங்கியை மரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளி வைத்து, கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். சுவிட்சைப் போடும்போது மரத்துக்கு நேர் எதிரே நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள். கட்டை பிய்த்துக்கொண்டு போனால் அந்த நேர்க்கோட்டில்தான் பறக்கும்.

வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. கிண்ணத்தின் அகலம் அங்குலத்தில், அதோடு சுற்று எண்ணைப் பெருக்கினால் 6,000க்கும் 9,000க்கும் இடையே வர வேண்டும். எட்டு அங்குலத்துக்கு 750 முதல் 1,125 வரை. இது கட்டை வட்டமான பிறகு. அதற்கு முன் 500ஐத் தாண்டாதீர்கள்.

உளியை வைக்கும் வரிசை: முதலில் உளி தாங்கியில் படியட்டும். பிறகு சாணை பிடித்த சாய்வு மரத்தில் உரசட்டும். இப்போது எதுவும் வெட்டாது. கடைசியாகக் கைப்பிடியை மெல்ல உயர்த்துங்கள், கூர் மரத்தைத் தொடும், சீவல் சுருளாக வரும். கூர் முனையை முதலில் மரத்தில் வைத்தால் உளி கவ்விக்கொள்ளும். வெளிப்புறத்தை அடிப்பகுதியிலிருந்து வாயை நோக்கி வெட்டுங்கள். உட்புறத்தை வாயிலிருந்து அடியை நோக்கி வெட்டுங்கள். திசை மாறினால் ரேகை பிய்ந்து சொரசொரப்பாகும், எந்த உப்புத்தாளும் அதை மறைக்காது.

வெளிவடிவம் வந்ததும் அடியில் சக் பிடிக்க ஒரு குமிழ் கடையுங்கள். அதன் அகலம் கிண்ணத்தின் அகலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு, உயரம் 6 முதல் 8 மி.மீ. குமிழின் அடி சக்கின் தரையைத் தொடக்கூடாது. அதன் தோள்தான் தாடைகளின் மேல் உட்கார வேண்டும். சக்கில் திருப்பி மாட்டி உள்ளே குடையுங்கள்.

பச்சை மரமானால் சுவரின் தடிமனை அகலத்தில் பத்தில் ஒரு பங்கு விட்டுவிடுங்கள். எட்டு அங்குலக் கிண்ணத்துக்கு 20 மி.மீ. அடியும் அதே அளவு. சுவர் எங்கும் ஒரே தடிமனில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்தால் காயும்போது வெடிக்கும். பழகிய பிறகு இந்தக் கட்டம் ஒரு மணி நேர வேலை.

9. காய வைத்தல்

பொறுமை இழப்பவர்கள் எல்லோரும் இந்தக் கட்டத்தில்தான் இழக்கிறார்கள். வழி சுலபமானது: கிண்ணத்தின் வாய், வெளிச்சுவரில் ரேகை முனை தெரியும் இரு பக்கங்கள் ஆகியவற்றில் மெழுகு தடவுங்கள். அடியில் பென்சிலால் மரத்தின் பெயர், தேதி, எடை எழுதுங்கள். பழுப்புக் காகிதப் பையில் போட்டு, காற்று நேரடியாக வீசாத, நிழலான இடத்தில் வையுங்கள். மின்விசிறிக்குக் கீழே வேண்டாம், மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். முதல் சில வாரங்கள் பைக்குள் கொஞ்சம் சீவலும் சேர்த்து வைத்தால் ஈரம் மெதுவாக வெளியேறும். பூஞ்சை தெரிந்தால் சீவலை மாற்றுங்கள்.

சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பார்த்து அதே அடியில் எழுதி வாருங்கள். நான்கு வாரம் எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது. தூங்குமூஞ்சி, மா போன்றவற்றுக்கு மூன்று முதல் ஆறு மாதம். புளி, வேம்புக்கு ஓராண்டு வரைகூட ஆகலாம். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோரத்தில் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் எடை குறையாது, சில வாரம் ஏறக்கூடச் செய்யும். அதைக் கண்டு கலங்காதீர்கள்; தை பிறந்த பிறகு மறுபடி பாருங்கள். கரூர், மதுரை, திருச்சிப் பக்கம் சிக்கல் நேர்மாறானது: சித்திரை வெயிலில் மிக வேகமாகக் காய்ந்து வெடிக்கும். அங்கே காகிதப் பையை இரட்டையாகப் போடுங்கள்.

மா, தூங்குமூஞ்சியின் வெள்ளைப் பகுதியில் மாவு போலத் தூள் உதிர்ந்தால் உளு விழுந்திருக்கிறது. முதல் கடைசல் முடிந்தவுடனேயே வெங்காரமும் போரிக் அமிலமும் கரைத்த வெந்நீரைத் தூரிகையால் பூசி, அது ஊறிய பிறகு மெழுகு தடவினால் இதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

காய்ந்த மரம் என்று சொல்லி விற்கும் தடித்த கட்டைகளை நம்பாதீர்கள். ஒரு கடையில் ஐந்து வருடம் காய்ந்தது என்று சத்தியம் செய்து கொடுத்த கட்டையின் உள்ளே ஈரமானி 25 விழுக்காடு காட்டியது. வெளிப்பரப்பில் குத்திப் பார்ப்பதில் பயனில்லை, புதிதாக அறுத்த முகத்தில் குத்திப் பாருங்கள். ஈரமானி ரூ.1,000 முதல் கிடைக்கிறது.

ஒரே நேரத்தில் ஆறேழு கிண்ணங்களையாவது முரட்டு வடிவில் கடைந்து காய வைத்துவிடுங்கள். ஒன்றே ஒன்றைக் காய வைத்துவிட்டு நாளுக்கு மூன்று முறை அதை எடுத்துப் பார்ப்பது பெரிய சோதனை. இரண்டொன்று வெடிக்கும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

10. இரண்டாம் கடைசல்

காய்ந்த கிண்ணம் முட்டை வடிவமாகியிருக்கும், குமிழும் அப்படியே. கிண்ணத்தின் உட்புறத்தைத் துணி சுற்றிய ஒரு மரத்துண்டின் மேல் கவிழ்த்து, டெயில் ஸ்டாக்கால் அழுத்திப் பிடித்து, குமிழை மறுபடி வட்டமாக்குங்கள். அதன் பிறகு சக்கில் மாட்டி, வெளிப்புறம் முதலில், உட்புறம் அடுத்து. வாயிலிருந்து ஓரிரண்டு அங்குலம் முழுவதும் முடித்துவிட்டே கீழே போக வேண்டும். அடிவரை குடைந்துவிட்டு விளிம்புக்குத் திரும்பினால் மெலிந்த விளிம்பு அதிர்ந்து உளியைக் கவ்வும். முதல் கிண்ணங்களுக்குச் சுவர் 6 முதல் 8 மி.மீ. இருக்கட்டும். ஆழத்தை ஒரு குச்சியால் அளந்து அளந்து போங்கள்.

உப்புத்தாள் 80, 120, 180, 240, 320 என்று ஒன்றையும் தாண்டாமல், வேகத்தைக் குறைத்துத் தேயுங்கள். தாளைத் துண்டாக வெட்டிப் பிடியுங்கள், விரலில் சுற்றாதீர்கள். உளித்தாங்கியைக் கழற்றிவிட்டுத் தேய்ப்பது நல்லது.

11. மெருகு

தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். அது உலராது, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆளிவிதை எண்ணெய் உலரும்: மெலிதாகத் தடவி, அரை மணி கழித்துத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு மறுபடி, இப்படி மூன்று முறை. மேலே தேன்மெழுகு. அந்த எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் போடுங்கள்.

நிறம் வேண்டுமானால் அரக்குக் குச்சி இருக்கிறது. செப்புச் சாமானின் பளபளப்பு அதுதான். நன்கு காய்ந்த, நெருக்கமான ரேகையுள்ள மரத்தைச் சுழலவிட்டு, அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசும் சூட்டில் உருகி ஒட்டும். சென்னபட்டணத்தில் அதைத் தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவார்கள். வெளிப்புறத்தில் இரண்டு மூன்று வளையமாக அரக்கு வைத்துப் பாருங்கள். முழுக் கிண்ணத்துக்கும் பூசினால் மரத்தின் ரேகை மறைந்துவிடும், அது எனக்கு மனம் வராத காரியம்.

12. விற்பதானால்

சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் வேண்டும். அதே போன்ற பெயரில் கட்டணம் வாங்கும் தனியார் பக்கங்கள் நிறைய உள்ளன. முகவரி அரசின் 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே விவரம் கொடுங்கள். கைவினைஞர் அடையாள அட்டையை மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையர் அலுவலகம் வழங்குகிறது. கண்காட்சியில் கடை கிடைக்க அது உதவும். கடன் வேண்டுமானால் தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் மரவேலையும் சேர்ந்திருக்கிறது. ரூ.3 லட்சம் வரை கடன், அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் ரூ.50,000 மானியம் என்று அறிவித்திருந்தார்கள். வயது வரம்பு 35இல் தொடங்குகிறது. இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

சரக்கு விற்பனை ஆண்டுக்கு ரூ.40 லட்சத்துக்குள் இருந்தால் தமிழ்நாட்டுக்குள் விற்க ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. இணையச் சந்தைகள் வழியாக மாநிலத்துக்குள் விற்கவும் 2023 அக்டோபர் முதல் சிறு விற்பனையாளருக்குப் பதிவு கட்டாயமில்லை, ஒரு சேர்க்கை எண் பெற்றால் போதும். வெளிமாநிலத்துக்கு அனுப்பத் தொடங்கும் முன் ஒரு கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள்.

விலை வைக்கும்போது கடைந்த நேரத்தை மட்டும் கணக்கிடாதீர்கள். உப்புத்தாள், சாணைக்கல் தேய்மானம், வெடித்துப் போன கிண்ணங்கள், மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்த இடம் எல்லாமே செலவுதான். வாங்குபவரிடம், இது அலங்காரப் பொருள், தண்ணீர் ஊற்றி வைக்கக் கூடாது, குளிர்சாதனக் காற்று நேரே படும் இடத்திலும் ஜன்னல் வெயிலிலும் வைக்கக் கூடாது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு எண் போட்டு, அது எந்த மரம், எந்த ரசீதில் வந்தது என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்து, அந்த ரசீதையும் அதே பக்கத்தில் ஒட்டி வையுங்கள். வாங்குபவரோ வனத்துறையோ கேட்டால் காட்ட வேண்டியது அந்தப் பக்கம்தான்.